பாட்டால் சட்டத்தை எதிர்த்தவர்

மேடையில் பாடும் பாட்டை முன்னதாகவே போலீசாரிடம் காட்ட வேண்டும்! அவர்கள் சம்மதித்தால்தான் பாடலாம்! மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான திரினிடாடில், வெள்ளைக்காரர் ஆட்சியின்போது இப்படி ஒரு நிலைமை இருந்தது. அதை எதிர்த்து நின்றவர் ஒரு பாடகர். அவர் பெயர் ரேமண்ட் குவேதோ.

1892-ல் பிறந்த இவர், 1911-ல் பாடத் தொடங்கினார். ஐரோப்பாவை நடுங்க வைத்த ஹூணர் தலைவன் "அட்டிலா"வின் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டார். கலிப்சோ பாடகர்கள் இப்படிப் பட்டப்பெயர் சூட்டிக்கொள்வது வழக்கம்.

அடிமைகளின் பாட்டு

கலிப்சோ எப்படிப் பிறந்தது? கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் சொந்த நாட்டை இழந்தார்கள், பாட்டை இழக்கவில்லை. ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். திருவிழாவில் கம்புச் சண்டை நடக்கும்போதும் இந்தப் பாட்டு முழங்கும்.

1880-களில் சர்க்கார் பறை கொட்டுவதற்குத் தடை போட்டது. மக்கள் சும்மா இருந்தார்களா? மூங்கிலை வெட்டித் தரையில் தட்டித் தாளம் போட்டார்கள்!

பிறகு மூங்கிலாலும் தென்னங்கீற்றாலும் பந்தல் போட்டு, பாடகர்கள் பாடினார்கள். ஊர் வம்பு, விலைவாசி, அதிகாரிகளின் அட்டகாசம் எல்லாம் பாட்டில் வந்துவிடும். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே பத்திரிகை.

அமெரிக்கப் பயணம்

1934-ல் அட்டிலா, "கர்ஜிக்கும் சிங்கம்" என்ற பாடகருடன் நியூயார்க் சென்று இசைத்தட்டுகளுக்குப் பாடினார். கடல் கடந்தும் கலிப்சோ பரவியது.

ஆனால், அதே ஆண்டில்தான் திரினிடாடில் பாட்டுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. அட்டிலா அஞ்சவில்லை. 1937-ல் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைப் பற்றி விசாரித்த கமிஷனின் அறிக்கையைக் கிண்டல் செய்து அட்டிலா பாடினார்.

சட்டசபையில் பாடகர்

1946-ல் தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயின் நகரசபைக்கு மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1950-ல் சட்டசபைக்கும் அனுப்பினார்கள். பந்தலில் பாடிய குரல் சட்டசபையில் ஒலித்தது. பாட்டுக்குப் பூட்டுப் போட்ட சட்டத்தை எதிர்த்து அங்கே வாதாடினார்.

1962 ஆகஸ்ட் 31-ந் தேதி திரினிடாட் சுதந்திரம் அடைந்தது. அந்த நாளைக் காண அட்டிலா இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமாகிவிட்டார்.

கலிப்சோவின் வரலாற்றை அவர் எழுதி வைத்திருந்தார். அது 1983-ல் புத்தகமாக வெளிவந்தது. அடிமைகள் விட்டுச் சென்ற சொத்து பாட்டு. அந்தச் சொத்தைக் காத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் அட்டிலா.