கண்ணைப் பறித்த குத்தூசியே எழுத்தாணி ஆயிற்று!
பார்வையற்றோருக்கு எழுத்துத் தந்த லூயி பிரெய்ல்

பழனியை அடுத்த ஆயக்குடியில் கொய்யாப் பழம் வாங்குவோரைப் பாருங்கள். பழத்தைக் கையில் எடுத்ததும் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். கண்ணுக்குப் புலப்படாததை விரல் சொல்லிவிடும். விரலின் இந்தச் சக்தியை நம்பி, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் உலகுக்குப் புதிய எழுத்து ஒன்றை அளித்தான். அவன்தான் லூயி பிரெய்ல்.

பட்டறையில் நேர்ந்த விபத்து

பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்ற சிற்றூரில், 1809 ஜனவரி 4ஆம் தேதி லூயி பிறந்தான். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், பட்டறையில் கிடந்த குத்தூசியை எடுத்து விளையாடியபோது, அது பாலகனின் ஒரு கண்ணில் பாய்ந்துவிட்டது. புண்ணின் விஷம் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் இருண்டுவிட்டன.

ஆனாலும் பெற்றோர் அவனை மூலையில் உட்கார்த்தி வைக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கே அனுப்பினார்கள். காதால் கேட்டே பாடங்களைக் கற்றான். 1819இல் பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான்.

பன்னிரண்டு ஆறாயிற்று

அங்கே புத்தகங்கள் இருந்தன. சாதாரண எழுத்துக்களையே பெரிதாகப் புடைக்கச் செய்த கனத்த புத்தகங்கள். ஒவ்வோர் எழுத்தையும் தடவிப் படித்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். படிக்கத்தான் வழி, எழுதுவதற்கோ வழியே இல்லை!

1821இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி வகுத்த புள்ளி எழுத்து அப்பள்ளிக்கு வந்தது. ஒலிகளைப் புள்ளிகளால் குறிக்கும் முறை அது. ஆனால் ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள்வரை தேவைப்பட்டன. அவ்வளவும் ஒரு விரல் நுனியில் அடங்குமா?

லூயி மூன்றாண்டுகள் விடாது முயன்றான். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி, ஆக ஆறே புள்ளிகள்! அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். விரலை ஒரு முறை வைத்தாலே எழுத்து விளங்கிவிடும். எழுதும் கருவி என்ன தெரியுமா? காகிதத்தில் புள்ளி குத்தும் சிறு ஊசி. கண்ணைப் பறித்த குத்தூசியின் இனம்தான்!

1824இல் உருவான முறை 1829இல் புத்தகமாக வெளிவந்தது.

பள்ளியிலேயே எதிர்ப்பு

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். மாதா கோயில்களில் ஆர்கனும் வாசித்தார். கண்ணுள்ளவரும் படிக்கத்தக்க கடிதத்தைப் பார்வையற்றோர் எழுத, 1839இல் வேறொரு புள்ளி முறையையும் வகுத்தார்.

ஆனால் 1840இல் பள்ளிக்கு வந்த புதிய தலைவர் ஆறு புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். பார்வையற்றோருக்கெனத் தனி எழுத்து இருந்தால் அவர்கள் சமூகத்திலிருந்து பிரிந்துபோவார்கள் என்ற எண்ணம் அன்று பலருக்கு இருந்தது. மாணவர்களோ அந்த எழுத்தைக் கைவிடவில்லை. மறைவாக எழுதிப் பழகினார்கள். இறுதியில் பள்ளியே இறங்கி வந்தது. 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில், சபையோர் முன்னிலையில் அந்த எழுத்து விளக்கிக் காட்டப்பட்டது.

வெற்றி முழுமை பெறுவதற்குள் க்ஷயரோகம் அவரை அரித்துவிட்டது. 1852 ஜனவரி 6ஆம் தேதி, 43ஆம் வயதில் காலமானார். இரண்டாண்டுகள் கழித்தே பிரான்ஸ் அவர் முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது.

தமிழுக்கும் வந்தது

1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை வகுக்கப்பட்டது. அதில் நம் அகரத்துக்கு ஒரே புள்ளி. ஆங்கில முதல் எழுத்துக்கும் அதே புள்ளிதான். அவரது இருநூறாவது ஆண்டான 2009இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது.

இன்று கம்ப்யூட்டருடன் இணைக்கும் பிரெய்ல் பலகையில், சிறு ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் வரிகளைக் காட்டுகின்றன. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் கருவிகளும் வந்துவிட்டன. ஆனாலும் எழுத்துப் பிழையின்றி எழுதவும், கணக்குப் போடவும், தானே மௌனமாகப் படிக்கவும் விரலுக்கு இன்றும் அந்த ஆறு புள்ளிகள் வேண்டியிருக்கின்றன.