செபமாலையே அடையாளம்

புளத்கொகுபிட்டியத் தோட்டங்களிலிருந்து விடுதிக்கு வந்த நாம், சிற்றாலயத்து வண்ணக் கண்ணாடி யன்னல்களில் புனிதர்களை அவர்தம் கையிலுள்ள பொருளைக் கொண்டே இனங்கண்டோம். திறவுகோல் என்றால் இராயப்பர். லீலி மலரும் குழந்தை இயேசுவும் என்றால் அந்தோனியார். எமது நாட்டின் புனிதரான யோசேப் வாஸ் அடிகளாருக்குச் செபமாலையே அடையாளம்.

1651 இல் கோவாவில் பிறந்த அடிகளார், 1687 இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. ஆலயங்கள் பறிபோயின, விசுவாசிகள் மறைவில் செபித்தனர். அவர்களைக் கண்டறிய, செபமாலையைக் கழுத்தில் அணிந்து வீடு வீடாக யாசித்தார். மந்தையைச் சேர்க்க வல்ல அம்மாலை, அவரைக் காட்டிக்கொடுக்கவும் வல்லது. அறிந்து கொண்டோர் கதவு திறந்தனர்; இரவில், அவர்களின் வீடுகளில் பூசை நிறைவேறியது.

1692 இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையிடப்பட்டார். 1697 இல் அங்கு பெரியம்மை பரவியது. உறவினரே கைவிட்ட நோயாளரை, சமயம் பாராது பராமரித்தார். தமிழிலும் சிங்களத்திலும் போதித்த அவர், 1711 சனவரி 16 இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14 இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று பல நாடுகளில் வாழும் சகோதரியரே, எந்த ஆலயத்திலேனும் அவர் படத்தைக் கண்டால், முதலில் அந்தச் செபமாலையைப் பாருங்கள். நாம் அச்சமின்றி அணியும் அதனை, அவர் உயிரைப் பணயம் வைத்து அணிந்தார்.