நீலத்தின் ரகசியம் கண்டவர்!

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து வயல்களில் அவுரிச் செடி வளருகிறது. இலை பச்சை. ஆனால் அது தருவதோ நீலச் சாயம்!

செடியை அறுத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். பிறகு அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் பட்டதும் நீலம் உண்டாகி, அடியில் படியும்.

இந்த நீலத்தின் மேல் கடல் கடந்த நாட்டில் ஒரு சிறுவன் ஆசை வைத்தான். பெயர், அடால்ப் வான் பேயர். 1835-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தவன்.

13-வது பிறந்த நாளில் காசு கொடுத்து அவன் வாங்கியது என்ன தெரியுமா? ஒரு நீலக் கட்டி!

சிறுவன் வளர்ந்து ரசாயனப் பேராசிரியர் ஆனார். செடி இல்லாமலே நீலம் செய்ய முடியுமா? 1865-ல் ஆராய்ச்சியில் இறங்கினார். இடையில் சில ஆண்டுகள் நின்றுபோனாலும், அவர் விடவில்லை.

1880-ல் வெற்றி கிடைத்தது!

ஆனால், அவர் கண்ட வழியில் செலவு அதிகம். வேறு விஞ்ஞானிகள் மலிவான வழி கண்டார்கள். 1897-ல் செயற்கை நீலம் கடைக்கு வந்தது. 1905-ல் பேயருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1917-ல் காலமானார்.

அவுரிக்கு விழுந்த அடி

1897-ல் உலகில் செடியிலிருந்து எடுத்த நீலம் சுமார் 19,000 டன். 1914-ல் அது 1,000 டன்னாகக் குறைந்தது! அந்நாளைய தென்னாற்காடு ஜில்லாவிலும் அவுரி வயல்கள் சுருங்கின.

நீலத் துணி மலிவானது. ஆனால் தண்ணீர்?

செயற்கை நீலம் அனிலின் என்ற நச்சுப் பொருளிலிருந்து தயாராகிறது. சாயத்தில் தங்கும் அனிலின், கழிவு நீரோடு ஆற்றில் கலந்தால் மீன்களுக்கு ஆபத்து.

இன்னொரு தொல்லையும் உண்டு. நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சாயப்பட்டறைகளில் ஹைட்ரோஸ் என்ற ரசாயனப் பொடி போடுகிறார்கள். அதனால் கழிவு நீரில் உப்பு ஏறுகிறது.

மாற்று வழி

2018-ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று, அனிலின் தங்காத செயற்கை நீலத்தை வெளியிட்டது.

விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் வேறொரு வழி கையாண்டார்கள். நீலத்தைத் தொட்டியில் புளிக்க வைத்தார்கள். ஹைட்ரோஸ் செய்யும் வேலையைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே செய்து முடித்தன! அந்த நீலம் கிடைத்ததோ, பழைய அவுரியிலிருந்து!

நீலத்தை மலிவாக்கியது பேயர் காலத்து ரசாயனம். அந்த நீலம் ஆற்றைக் கெடுக்காமல் பார்ப்பது நம் காலத்து ரசாயனத்தின் கடமை.