கல்லில் குடில் அமைத்த மேரி கோல்ட்டர்

'பங்களா' என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் வங்காளத்தில் பிறந்தது. வங்காள மக்களின் தாழ்ந்த கூரை வீட்டை ஆங்கிலேயர் பின்பற்றினர். பின்பு அச்சொல் கடல் கடந்து அமெரிக்காவிலும் சிறிய தனி வீட்டைக் குறிக்கலாயிற்று. சுற்றுலாப் பயணிகளுக்காகப் பெரிய மாளிகை ஒன்றை எழுப்பாமல், இயற்கையின் நடுவே சிறு வீடுகளாகக் கட்டும் விடுதி முறையும் அங்கே பரவியது. அவ்வாறு குடில்கள் அமைத்துப் புகழ்பெற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை நாம் காண்போம்.

மேரி கோல்ட்டர் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். செயின்ட் பால் நகரில் வளர்ந்தார். அக்காலத்தில் அங்கு வாழ்ந்த செவ்விந்தியரிடையே பெரியம்மை பரவியது. நோய்க்கு அஞ்சிய அன்னை, அவர்கள் செய்த பொருள்களையெல்லாம் வீட்டிலிருந்து எடுத்து எரித்தார். ஆனால் சிறுமி மேரியோ அவர்கள் வரைந்த ஓவியங்களை மட்டும் தம் மெத்தையின் அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். மற்றவர் அழிக்க நினைத்ததைக் காக்கும் அக்குணமே அவருடைய வாழ்க்கைக்கு வழிகாட்டியாயிற்று.

மேரியின் 17ஆம் வயதில் தந்தை மறைந்தார். மனம் தளராமல் அவர் சான் பிரான்சிஸ்கோ சென்று ஓவியமும் வடிவமைப்பும் கற்றார். படிக்கும்போதே கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகினார். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றி, தாயையும் தமக்கையையும் காப்பாற்றினார். 1902இல், தம் 33ஆம் வயதில்தான், இரயில் பாதை நெடுகிலும் விடுதிகள் நடத்திய பிரெட் ஹார்வி நிறுவனத்தில் அவருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. பெண்கள் கட்டடக் கலையில் ஈடுபடுவது மிக அரிதாக இருந்த காலம் அது!

அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் ஆழம் ஏறத்தாழ ஒரு மைல். 1922இல் அதன் அடிவாரத்தில் பாண்டம் ராஞ்ச் என்னும் விடுதிக் குடில்களை மேரி அமைத்தார். அங்கே செல்லச் சாலை கிடையாது. எனவே ஆற்றங்கரையில் கிடந்த கற்களைக் கொண்டே சுவர் எழுப்பினார். மரமும் மற்றப் பொருள்களும் கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறி வந்தன. கட்டி முடித்தபோது குடில்கள் பாறைகளோடு பாறைகளாக அடங்கி நின்றன.

1935இல் பள்ளத்தாக்கின் விளிம்பில், குறைந்த செலவில் தங்க விரும்புவோருக்காக பிரைட் ஏஞ்சல் விடுதியையும் குடில்களையும் அமைத்தார். அங்கே 1890களில் கட்டப்பட்ட பழைய மரக்குடில் ஒன்று இருந்தது. அதை இடிக்க விடாமல் காத்துத் தம் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். விடுதியின் கணப்படுப்பையும் பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகள் இருக்கும் வரிசைப்படியே, ஆற்றுக் கல்லில் தொடங்கி உச்சிக் கல் வரை அடுக்கினார். அதன் முன் அமர்ந்து குளிர்காய்பவர் பூமியின் வரலாற்றையே படிக்கலாம்!

1948இல் மேரி ஓய்வு பெற்றார். இரயிலில் வரும் பயணிகள் குறைந்தனர், விடுதிகளும் நலிந்தன. அவர் வடிவமைத்த லா பொசாடா விடுதி 1957இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் எல் நவஹோ விடுதி இடிக்கப்பட்டது. பிறருடைய பழங்குடிலைக் காத்தவர் தம் கட்டடங்களின் முடிவைத் தாமே காண நேர்ந்தது எவ்வளவு வேதனை! 1958 சனவரி 8ஆம் நாள் அவர் காலமானார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பள்ளத்தாக்கில் அவர் எழுப்பிய நான்கு கட்டடங்கள் 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. லா பொசாடாவும் 1997இல் மீண்டும் திறக்கப்பட்டது. அவர் செய்ததைப் போலவே பிறர் அவருக்குச் செய்தனர்.

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்பை முடித்து எந்தப் பிரிவில் சேர்வது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது பெண்களுக்கு ஏற்றதன்று என்று எவரேனும் சொன்னால் மேரியை நினைப்போம். பழையது என்று ஒன்றை எறியுமுன் அந்த மெத்தையையும் நினைப்போம். எரிப்பதும் இடிப்பதும் ஒரு நாள் வேலை. காப்பதற்கோ ஒரு வாழ்நாள் வேண்டும்.