விளக்கொளியில் விளைந்த மருந்து

ஈரலும் மண்ணீரலும் வீங்க, உடல் கறுத்து மெலிய, வங்கத்திலும் அசாமிலும் ஊரூராக மக்களை மாய்த்த கொடுநோய் காலா அசார். அதற்கு மருந்து கண்டவர் உபேந்திரநாத் பிரமச்சாரி. 1873இற் பிறந்த அவர் முதலிற் கற்றுத் தேறியது கணிதம், பின்னரே வைத்தியம். கல்கத்தாக் கம்பெல் வைத்தியசாலையில் அவருக்கு வாய்த்த ஆய்வுகூடம் ஒரு சிற்றறை. அங்கே மின்சாரமில்லை, நீர்க்குழாயுமில்லை. மண்ணெண்ணெய் விளக்கொளியில் இரவிலும் உழைத்தார். நம்மவர் முன்னாளிற் சுருமாவுக்கு அரைத்த அஞ்சனக்கல்லின் மூலகமே அந்திமனி. அதனாலான பழைய மருந்துகள் நோயாளரை வருத்தின, குணமும் தாமதித்தது. அம்மூலகத்தைக் கொண்டே 1920இல் யூரியா ஸ்டிபமின் என்னும் புதுமருந்தை ஆக்கினார். எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. நொபெல் பரிசுக்கு 1929இல் முன்மொழியப்பட்டும் அது கிட்டவில்லை. 1946இல் மறைந்தார். கருவியில்லையென்று சலிக்கும் மாணாக்கர்க்கு யான் எடுத்துரைப்பது இவர் சரிதையையே. வசதி வரட்டுமென்று அவர் காத்திருந்தால், எத்தனை இல்லங்களில் விளக்கு அணைந்திருக்கும்!