வாசிக்கத் தெரியாதவர் செஞ்ச கிட்டார்!

வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்யணும்னு ஆசையா? அப்போ லியோ ஃபெண்டரைத் தெரிஞ்சுக்கோங்க. 1909-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். எட்டு வயசுல கட்டி வந்து இடது கண் போச்சு. 1938-ல் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கடைசிவரை இவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது, நம்புவீங்களா?

ஆனா, வாசிக்கிறவங்க புலம்பலைக் காதுகொடுத்துக் கேட்டார். நெக் வீணாப்போச்சா? ஸ்க்ரூவைக் கழற்றி வேற மாட்டிக்கோ! அப்படி வந்ததுதான் டெலிகாஸ்டர். இன்னிக்கு நீங்க பார்ட்ஸ் வாங்கி வீட்டிலேயே கிட்டாரைக் கோக்க முடியுதுன்னா, பாதிப் புண்ணியம் அந்த ஸ்க்ரூவுக்குத்தான்.

12 தந்தின்னா சுருதி சேர்க்கிறதே தலைவலி. அதுக்கும் தந்திக்கு ஒரு சேடில் வெச்சு 'எலெக்ட்ரிக் ட்வெல்வ்' வடிவமைச்சார். அது கடைக்கு வர்றதுக்குள்ள, உடம்பு முடியாம 1965-ல் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு வித்துட்டார். அப்புறம் நோய் குணமாச்சு. 'ஃபெண்டர்'ங்கிற பேரு கைவிட்டுப் போயிருந்தது. 1991-ல் இறக்கும்வரை வேற பேர்ல கிட்டார் செஞ்சுக்கிட்டே இருந்தார்.