வட்டத்தை எழுத்தில் அடக்கியவர்

படிவம் நான்கில் கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு இந்த வகைக் கேள்வி புதிதல்ல. எக்ஸ் வர்க்கத்தையும் வொய் வர்க்கத்தையும் கூட்டி, 6 எக்ஸைக் கழித்து, 4 வொய்யைச் சேர்த்தால் 12 வருகிறது. இந்த வட்டத்தின் மையம் எங்கே? ஆரம் எவ்வளவு?

6-இல் பாதி 3, அதன் வர்க்கம் 9. 4-இல் பாதி 2, அதன் வர்க்கம் 4. இரண்டையும் இருபுறமும் கூட்டுங்கள். வலப்பக்கம் 25 ஆகிறது. இடப்பக்கம் இரண்டு முழு வர்க்கங்கள் நிற்கின்றன: எக்ஸிலிருந்து 3 கழித்ததன் வர்க்கம், வொய்யுடன் 2 சேர்த்ததன் வர்க்கம். எனவே மையம் (3, -2). 25-இன் வர்க்கமூலமான 5 தான் ஆரம். கவராயத்தைத் தொடவே இல்லை.

வரைய வேண்டிய ஒன்றை இப்படி எழுத்தால் கையாளும் வழியை 1637-இல் அச்சில் தந்தவர் ரெனே டேக்கார்ட். தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், வொய் என்று எழுதும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான். அதே காலத்தில் ஃபெர்மாவும் தனியாக இவ்வழியைக் கண்டார். அவருடைய கட்டுரை அவர் இறந்த பிறகே அச்சேறியது.

டேக்கார்ட் 1596-இல் பிரான்சில் பிறந்தார். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். நோஞ்சான் பிள்ளை என்பதால், பள்ளியில் காலையில் தாமதமாக எழ அவருக்கு அனுமதி இருந்தது. அந்தப் பழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. படுத்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து அச்சுத்தூரத்தைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது. நாம் போடும் இரண்டு செங்குத்து அச்சுகள்கூட அவர் நூலில் அப்படியே இல்லை.

அறிஞர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் அவர் பிரெஞ்சில் எழுதினார். தமிழ்ப்பள்ளியில் கணிதம் படித்து, பிறகு வேறு மொழிக்கு மாறிய எனக்கு இது பிடித்த செய்தி. ஆனால் நூல் எளிதல்ல. பல படிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். இதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்தான்.

1640-இல் அவருடைய ஐந்து வயது மகள் பிரான்சீன் இறந்தாள். 1643-இல், நாடிழந்து நெதர்லாந்தில் வாழ்ந்த பொஹீமிய இளவரசி எலிசபெத்துக்கு அவர் ஒரு கணக்குக் கொடுத்தார். மூன்று வட்டங்கள் உள்ளன. மூன்றையும் தொடும் நான்காவது வட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்பது அதே மையமும் ஆரமும்தான், ஆனால் கேள்வி பல மடங்கு கடினம். கொடுத்த பிறகு, இது அதிகமோ என்று அவருக்கே தயக்கம் வந்தது. எலிசபெத் தாமே போட்டு விடை அனுப்பினார். அவர் மனம் திறந்து பாராட்டினார். இந்தக் கணக்குக்குத் தமக்கு இரண்டு தேற்றங்கள் போதும் என்றும் அவருக்கு எழுதினார்: ஒன்று வடிவொத்த முக்கோணங்களைப் பற்றியது, மற்றது பித்தாகரஸ் தேற்றம். நம் பாடநூலின் வட்டச் சமன்பாடும் பித்தாகரஸ்தான்: மையத்திலிருந்து குறுக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்று இரண்டு பக்கங்கள், ஆரமே கர்ணம்.

1649-இல் சுவீடன் அரசி கிறிஸ்டினா அழைக்க, ஸ்டாக்ஹோம் சென்றார். பாடம் விடியற்காலை 5 மணிக்கு. அந்தக் குளிரில் நுரையீரல் அழற்சி கண்டு, 1650 பிப்ரவரி 11-இல் தமது 53-ஆம் வயதில் இறந்தார்.

அவர் சுவீடன் போன அதே 1649-இல், வான் ஸ்கூட்டன் என்ற டச்சுப் பேராசிரியர் அந்நூலை லத்தீனில் பெயர்த்து, விடுபட்ட படிகளுக்கு விளக்கமும் சேர்த்து வெளியிட்டார். பின்னர் விரிவாக்கப்பட்ட அந்தப் பதிப்பைத்தான் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த நியூட்டன் எடுத்துப் படித்தார்.